பிறர் நாவின் சுவை

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நெமிலியைச் சுற்றியுள்ள ஊர்களில் கூழ் மணக்கத் தொடங்கும். அம்மன் கோவில் வாசல்களில் பெரிய அண்டாக்களில் கூழ் வார்ப்பார்கள். சமய வேறுபாடு பாராமல் செம்பும் தூக்குமாக அண்டை வீட்டார் வந்து நிற்பார்கள். கிறிஸ்தவர்களாகிய எங்கள் வீடுகளிலும் ஒரு காலத்தில் கோடை முழுவதும் கூழே காலை உணவாக இருந்தது. முதல்நாள் மாலை கேழ்வரகு மாவை நீரில் கரைத்து மூடி வைப்பார்கள். இரவு முழுவதும் அது தானாகப் புளிக்கும். மறுநாள் நொய்யை வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் கிண்டி இறக்கி ஆறவைத்து, மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தால் கூழ். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் போதும்.

எங்கள் ஆயா கூழ் கரைக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பார்: "உனக்கு எப்படி வேணும்?" தாத்தாவுக்கு மட்டும் அந்தக் கேள்வி இல்லை. அவருடைய சுவை அனைவருக்கும் தெரிந்தது. மாவு இரண்டு இரவு புளித்திருக்க வேண்டும். நாக்கில் வைத்தால் சுள்ளென்று ஏற வேண்டும். எனக்கு ஓர் இரவுப் புளிப்பே அதிகம். அப்பாவுக்கு மோர் தூக்கலாக இருக்க வேண்டும். என் தங்கைக்கு உப்பு குறைய வேண்டும். ஒரே பானையிலிருந்து நான்கு விதமாகக் கரைத்துத் தரும் அந்தக் கையை நான் பல்லாண்டுகள் பார்த்திருக்கிறேன். ஆயினும் அந்தக் கேள்விக்குள் ஓர் அறநெறிச் சிக்கல் அடங்கியிருக்கிறது என்பதை அண்மையில்தான் உணர்ந்தேன். உணர்த்தியவன் அந்தத் தங்கையின் மகன்.

அவன் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் பொறியாளனாகப் பணிபுரிகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் பீர் ஆலைகளை நிறுவிப் புகழ்பெறச் செய்த நகரம் அது. வீட்டில் பீர் காய்ச்சுவது அங்கே சட்டப்படி குற்றமன்று. 1978ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழி திறந்தது. வயதுவந்த ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காக ஆண்டுக்கு 100 காலன், அதாவது ஏறத்தாழ 380 லிட்டர் வரை வரியின்றிக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. நம் மாநிலத்திலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி வீட்டில் மது தயாரிக்க இயலாது. எனவே அவன் சொன்னவற்றை நான் செய்முறையாக அல்ல, சிந்தனைக்குரிய செய்தியாகவே கேட்டேன்.

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, வேப்பமரத்தடியில் கூழ் குடித்துக்கொண்டே அவன் சொன்ன கதை இது. அவன் அங்கே சென்ற முதல் குளிர்காலத்தில், வாசலில் குவிந்த பனியை அகற்றத் தெரியாமல் நின்றபோது, அடுத்த வீட்டு முதியவர் தம் மண்வெட்டியோடு வந்து ஒன்றும் பேசாமல் பாதையைத் திறந்துவிட்டுப் போனார். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மனைவியை இழந்து தனியே வாழ்பவர். பீர் காய்ச்சக் கற்றுக்கொண்ட பிறகு, நன்றிக்கடனாக அவருக்கு ஒரு குவளை கொண்டுபோய்க் கொடுத்தான். அவனுக்குப் பிடித்த கசப்பான வகை அது. முதியவர் "நன்றாயிருக்கிறது" என்றார். ஆனால் அவன் விடைபெறும்போது குவளையில் பாதி அப்படியே இருந்தது.

"அந்தப் பாதிக் குவளைதான் மாமா என்னைத் தூங்கவிடவில்லை" என்றான்.

அதன்பின் அவருடைய சுவையைத் தேடிப் புறப்பட்டான். பீர் என்பது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, நீர், ஹாப்ஸ் எனும் கசப்புப் பூ, ஈஸ்ட் ஆகிய நான்கின் சேர்க்கை. 1516இல் பவேரியாவில் இயற்றப்பட்ட புகழ்பெற்ற சட்டம் இவற்றுள் முதல் மூன்றை மட்டுமே குறிப்பிட்டது. ஈஸ்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புளிக்கவைப்பது கண்ணுக்குத் தெரியாத உயிரி என்பதை மக்கள் அப்போது அறிந்திருக்கவில்லை. லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டது 1876இல்தான். எங்கள் ஆயாவின் மாவுப் பானையில் நடந்ததும் ஏறக்குறைய அத்தகைய வேலைதான். தானியம், நீர், காலம், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஆகியவை கூழுக்கும் பீருக்கும் பொதுவானவை.

அந்த நான்கு பொருள்களுக்குள்ளேயே சுவையை எவ்வளவோ மாற்றலாம் என்று அவன் விளக்கினான். அரைத்த தானியத்தை ஏறத்தாழ 63 பாகை வெப்பத்தில் ஊறவைத்தால், மாவுச்சத்தின் பெரும்பகுதி ஈஸ்ட் உண்ணக்கூடிய சர்க்கரையாக மாறி, இனிப்பு அற்ற மெல்லிய பானம் கிடைக்கும். 69 பாகையில் ஊறவைத்தால் ஈஸ்ட் உண்ண முடியாத சர்க்கரைகள் மிஞ்சி, பானம் கனமாகவும் சற்று இனிப்பாகவும் அமையும். ஹாப்ஸைக் கொதியின் தொடக்கத்தில் போட்டால் கசப்பு ஏறும். முடிவில் போட்டால் மணம் மட்டும் தங்கும். கசப்பைக் கணக்கிட ஓர் அளவெண்ணே உண்டு. மென்மையான வகைகளில் அது பத்து, பதினைந்தாக இருக்கும். அவனுக்குப் பிடித்த வகையில் அறுபதைத் தாண்டும்.

ஆனால் முதியவருக்கு இந்த எண்களெல்லாம் தெரியாது. "கசப்பைக் குறைக்கட்டுமா?" என்று கேட்டால் தோளைக் குலுக்குவார். ஒருநாள் பேச்சுவாக்கில், சிறுவயதில் தம் தெருமுனையில் இருந்த ரொட்டிக் கடையின் காலை மணத்தைப் பற்றிச் சொன்னார். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். ரொட்டியின் மேலோடு போல மணக்கும் வறுத்த தானியத்தைச் சேர்த்தான், ஹாப்ஸைக் குறைத்தான், வெப்பத்தை உயர்த்தினான். நான்காம் முறை காய்ச்சியபோது குவளை காலியாயிற்று. முதியவர் இன்னொன்று கேட்கவில்லை. காலிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு தம் மனைவியைப் பற்றி வெகுநேரம் பேசினாராம்.

கதையை முடித்துவிட்டு அவன் கேட்டான்: "மாமா, அந்தப் பீர் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கே பிடிக்காத ஒன்றைச் செய்து, நன்றாயிருக்கிறது என்று அவர் சொல்லக் கேட்டு மகிழ்கிறேன். இது அன்பா? அல்லது எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கும் வேடமா?"

உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை.

இந்தக் கேள்வி பழமையானது. புனித பவுலின் திருமுகங்களிலேயே அது இரு முகம் காட்டுகிறது. கலாத்தியருக்கு எழுதும்போது, மனிதருக்கு உகந்தவனாக நடக்கப் பார்த்தால் தாம் கிறிஸ்துவின் பணியாளராக இருக்க முடியாது என்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பத்தாம் அதிகாரத்திலோ, தாம் எல்லாவற்றிலும் எல்லாருக்கும் உகந்தவராக இருக்க முயல்வதாகக் கூறுகிறார். மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது முரண்பாடாகத் தோன்றும். ஆனால் இரண்டாம் இடத்தில் அவர் ஒரு விளக்கத்தையும் சேர்க்கிறார். தம் சொந்தப் பயனைத் தேடாமல், பலரும் மீட்படையும்படி அவர்களுடைய பயனைத் தேடியே அவ்வாறு நடப்பதாகச் சொல்கிறார். ஆக, உகந்தபடி நடப்பதா வேண்டாமா என்பது கேள்வியன்று. யாருடைய பயனுக்காக நடக்கிறோம் என்பதே கேள்வி.

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. என் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியால் அறிந்தேன். அதைச் சொல்வது எனக்கு எளிதன்று.

என் தாய்மாமன் அரக்கோணத்தில் இரயில்வே பணியில் இருந்தார். அந்தக் குடியிருப்பில் வாழ்ந்த ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தாரிடமிருந்து என் தாய், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் திராட்சை இரசம் செய்யக் கற்றுக்கொண்டிருந்தார். சட்டத்தை எண்ணிப் பார்க்காமல் அந்நாளில் பல வீடுகளில் நடந்துவந்த வழக்கம் அது. பீங்கான் சாடியில் கறுப்புத் திராட்சையும் சர்க்கரையும் ஒரு கைப்பிடிக் கோதுமையும் சில கிராம்புகளும் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார். விழாவன்று ஆளுக்கு ஒரு சிறு குவளை, அவ்வளவுதான். மாமாவுக்குக் குடிப்பழக்கம் உண்டு. ஒரு தவக்காலத்தில் பங்குத் தந்தையின் முன்னிலையில் அதை விட்டுவிட்டு, ஓராண்டுக்கு மேலாக உறுதியாக இருந்தார். விழாவின் சிறு குவளையைக் குறித்து யாரும் ஒன்றும் எண்ணவில்லை. அதைக் குடித்துவிட்டு அவர் சிரித்தபடி, "இது குழந்தைங்க குடிக்கிற பழச்சாறு" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

மறு ஆண்டு, 1984இல், நான் கல்லூரி மாணவன். சர்க்கரையைக் கூட்டினால் ஈஸ்ட் தாங்கும் வரையில் போதையும் கூடும் என்று எங்கோ படித்திருந்தேன். தாய்க்குத் தெரியாமல் சாடியில் சர்க்கரையைக் கொட்டினேன், ஒருமுறையன்று, மூன்றுமுறை. விழாவன்று மாமா ஒரு வாய் பருகினார். அவர் முகம் மலர்ந்தது. "இதுதான்டா மருமகனே!" என்று என் தோளில் தட்டினார். அந்தப் பாராட்டில் நான் மிதந்தேன். அவர் இரண்டாம் குவளை கேட்டார், நானே ஊற்றினேன். மூன்றாவதையும் ஊற்றினேன்.

பொங்கலுக்குள் அவர் பழைய வழிக்குத் திரும்பியிருந்தார். அந்த மூன்று குவளைகளே காரணம் என்று நான் சொல்லவில்லை; மனித வீழ்ச்சிக்கு ஒரே காரணம் இருப்பதில்லை. ஆனால் அவருடைய நாவுக்கு ஏற்றதைச் செய்தபோது நான் அவரை நினைக்கவில்லை, அவர் என்னைத் தட்டிக்கொடுக்கப்போவதை நினைத்தேன் என்பது எனக்குத் தெரியும். தாயிடம் நான் உண்மையைச் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. சாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். அதன்பின் அதில் எலுமிச்சை ஊறுகாய் மட்டுமே போட்டார்.

பாதிக் குவளையைக் கண்டு வருந்தியவன் அவன். காலிக் குவளையைக் கண்டு மகிழ்ந்தவன் நான். இருவரும் செய்தது ஒரே செயல்தான். அடுத்தவரின் சுவையை அறிந்து அதற்கேற்பப் பானத்தை மாற்றினோம். அவன் செய்தது அன்பாகவும் நான் செய்தது கேடாகவும் முடிந்தது ஏன்? அன்பு என்பது மற்றவருக்கு நன்மையை விரும்புவது என்று புனித தோமா அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி விளக்குகிறார். சுவை என்பது ஆளின் ஒரு பகுதி. நன்மை என்பது முழு ஆளைச் சார்ந்தது. முதியவரின் சுவையைத் தேடிப் போனவன் வழியில் அவருடைய தனிமையையும் இளமையையும் மனைவியையும் கண்டான். நான் என் மாமாவின் நாவை மட்டுமே கண்டேன். அதைக் கடந்து அவர் சுமந்த போராட்டத்தைக் காணவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மற்றவருடைய நன்மை இன்னதென்று தீர்மானிக்க நாம் யார்? "உன் நன்மைக்காகத்தான்" என்று சொல்லிச் சொல்லியே வீடுகளிலும் விடுதிகளிலும் எத்தனை பேருடைய விருப்பத்தை நசுக்கியிருக்கிறோம்! இந்த மறுப்பு நியாயமானது. இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த விடை, ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் இருக்கிறது. அதன் நாற்பதாம் அதிகாரம் குடிக்கும் அளவைப் பற்றியது. ஒவ்வொருவரும் கடவுளிடமிருந்து வெவ்வேறு கொடை பெற்றிருப்பதால், பிறருக்கு உணவும் பானமும் இவ்வளவு என்று வரையறுக்கத் தமக்குத் தயக்கமாக இருப்பதாக அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். அந்தத் தயக்கத்தோடு, வலுவற்றவர்களின் நிலையையும் கருத்திற்கொண்டு, நாளொன்றுக்குச் சிறிதளவு இரசத்தை அனுமதிக்கிறார். வேலையோ வெயிலோ மிகுந்தால் கூட்டித் தரலாம் என்கிறார். ஆனால் மயக்கம் வரும் அளவுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கிறார். அளவு வகுக்கும் பொறுப்பையும் அவர் விடவில்லை. வகுக்கும்போது நடுங்கவும் மறக்கவில்லை. பிறருக்காக எதையும் செய்பவர் கைக்கொள்ள வேண்டிய மனநிலை இதுவே எனலாம்.

துறவு மடங்களுக்கும் பீருக்கும் உள்ள உறவு நம் வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவரும், 2012இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டவருமான புனித ஹில்டெகார்டு, ஹாப்ஸின் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கிறது என்று எழுதிவைத்தார். பெல்ஜியம் நாட்டில் வெஸ்ட்விளேட்டரன் என்னும் ஊரிலுள்ள புனித சிக்ஸ்துஸ் மடத்துத் துறவியர் காய்ச்சும் பீர், 2005இல் உலகிலேயே சிறந்தது எனப் பேசப்பட்டது. வாங்க வந்தவர்களால் சாலைகள் நிறைந்தன. ஆயினும் அவர்கள் உற்பத்தியைப் பெருக்கவில்லை. வாழ்வதற்காகக் காய்ச்சுகிறோம், காய்ச்சுவதற்காக வாழவில்லை என்பது அவர்களுடைய நிலை. பிறர் சுவைக்கு உழைக்கலாம். பிறர் ஆசைக்கு அடிமையாக வேண்டியதில்லை என்பதை அவர்கள் காட்டினார்கள்.

ஆசைக்கு மட்டுமே உழைத்தால் என்ன நேரும் என்பதை நம் மாநிலம் 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் கண்டது. மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடிப்பவர் கேட்டது போதை. அது எதைக் கொண்டாயினும் கிடைத்தால் போதும் என்பதே விற்றவரின் கணக்கு. குடிப்பவர் நாளை உயிரோடு இருப்பாரா என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

பிறர் சுவைக்காக உழைப்பது நமக்குப் புதிதன்று. வாலாஜா, இராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை நம் மக்கள் ஆயிரக்கணக்கில் தோல் பதனிடுகிறார்கள், காலணி தைக்கிறார்கள். எந்த நாட்டவர், எந்த நிறம், எத்தனை மென்மை என்று கடல் கடந்து மாதிரி வரும். தாம் ஒருநாளும் அணியப்போகாத காலணியை, தாம் ஒருநாளும் காணப்போகாத பாதத்துக்காக ஒரு பெண் நாள் முழுவதும் தைக்கிறாள். அதில் இழிவு ஒன்றுமில்லை. உழைப்பின் மாண்பே அதில் இருக்கிறது. ஆனால் வாங்குபவரின் சுவையும் விற்பவரின் இலாபமும் மட்டும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், பேச்சில் சேர்க்கப்படாத மூன்றாமவர் ஒருவர் இருந்தார். பாலாற்றங்கரைக் கிணறுகளை நம்பியிருந்த விவசாயிதான் அந்த மூன்றாமவர். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. ஒருவருடைய சுவைக்கு நாம் உழைக்கும்போது, அதன் விலையை வேறு யார் செலுத்துகிறார் என்றும் கேட்டாக வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு நமக்கும் உணர்த்துகிறது.

இவ்வளவையும் எண்ணிய பிறகு, ஊர் திரும்பும் நாளில் அவனிடம் சொன்னேன்: "உனக்குப் பிடிக்காததைச் செய்வது வேடமன்று. பிடிப்பதாகச் சொல்லியிருந்தால்தான் வேடம். அவர் நாவைத் தேடிப் போய் நீ அவரைக் கண்டுபிடித்திருக்கிறாய். ஆனால் ஒன்று: ஒருநாள் அவர் மூன்றாம் குவளை கேட்டால், அன்றைக்கு உன் அன்பு வேறு உருவம் எடுக்க வேண்டும். அதற்கும் ஆயத்தமாக இரு."

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார், மாமா. இப்போது என் கசப்புப் பீரிலும் அரைக் குவளை என்னோடு குடிக்கிறார்" என்றான். அதைக் கேட்டபோதுதான், என் வாதங்கள் அனைத்திலும் விட்டுப்போயிருந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

தாத்தா மறைந்த ஆண்டு அது. ஆடி மாதத்தில் ஆயா வழக்கம்போல் எல்லாருக்கும் கூழ் கரைத்தார். பின் தமக்கும் கரைத்துக்கொண்டார். மாவு இரண்டு இரவு புளித்திருந்தது. அப்போது சிறுமியாயிருந்த என் தங்கை, "ஆயா, உனக்கு எப்படி வேணும்?" என்று கேட்டாள். ஆயாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. அவள் மறுபடியும் கேட்டாள். கரண்டியைப் பிடித்தபடியே ஆயா யோசித்தார். எழுபது வயதுக்கு மேல் ஆகியிருந்த அவரிடம் அதை யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாதவர்களில் நானும் ஒருவன். ஒரு பக்கம் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் அன்பு இருக்கலாம்; நீதி இருக்கிறது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கடைசியில் அவர் வெட்கத்தோடு, "புளிக்காம, கொஞ்சம் வெல்லம் போட்டு" என்றார். மறுநாள் தங்கை அப்படியே கரைத்துத் தந்தாள். ஆயா திண்ணையில் அமர்ந்து அதை மெல்ல மெல்லக் குடித்தார். பாதியில் நிறுத்தி, உள்ளே தாத்தாவின் படம் மாட்டியிருந்த சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மீதியையும் குடித்து முடித்தார்.